இதை எது திங்கும், பேராண்டி?

கண்மாயை அழகுபடுத்தப் போறீகளாமே! ரொம்பச் சந்தோசம் அப்பு. நான் பொறந்ததுலேர்ந்து அந்தக் கண்மாய் தலை சீவாம, பவுடர் பூசாமத்தான் கிடக்கு. யாராச்சும் ஒரு என்ஜினியர் வந்து பொட்டு வச்சுவிட்டாத் தேவலைன்னு நானும் நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். அந்த ஆளு என் மக வயித்துப் பேரனாவே இருப்பான்னு கனவுலயும் நெனைக்கலை.

படத்தை நல்லா விரி. கரையைச் சுத்திக் கல்லு பதிச்ச நடைபாதை. உள்வாய்ச் சரிவுக்குச் சிமெண்டுப் பூச்சு. நடுவுல ஒரு தீவு, அதுல விளக்கு. ஓரமா ஒரே உசரத்துல பச்சை மரம். கொசு வராம இருக்க ஒரு மீனு, குத்தகைக்கு விட இன்னொரு மீனு. செலவுக்குக் கம்பெனி இருக்கு. போட்டா புடிக்கிற ஆளும் இருக்காரு. குறை சொல்ல எனக்கு என்னடா தெரியும்? மூணாங்கிளாசோட மாடு மேய்க்கப் போனவன். எனக்குத் தெரிஞ்சது ரெண்டே கேள்விதான். ஊருக்குள்ள புதுசா எது வந்தாலும் அந்த ரெண்டைக் கேப்பேன். இது எதைத் திங்கும்? இதை எது திங்கும்? பொண்ணு பாக்கப் போன வீட்டுலயும் முதக் கேள்வியைக் கேட்டுப்புட்டேன். உன் அம்மாச்சி இன்னிக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுறா.

முதல்ல மரத்தை எடுத்துக்குவோம். கோனோகார்பசா? பேரு வாயில நுழையலைன்னாலும் ஆளு லட்சணமாத்தான் இருக்காரு, பெட்ரோல் பங்கு ஓரத்துல வரிசையா நிக்கிறதைப் பாத்திருக்கேன். நர்சரிக்காரர் என்ன சொன்னாருங்கிறே? ஆடு மாடு கடிக்காது, பூச்சி அண்டாது, எப்பவும் பச்சையாவே இருக்கும். அடடா, இம்புட்டு நல்ல குணத்தோட ஒரு மாப்பிள்ளை கிடைச்சா உன் தங்கச்சிக்கே பேசி முடிச்சிரலாம். கோவிச்சுக்காம ஒண்ணு சொல்லு. பூச்சி அண்டாத மரத்துக்குக் குருவி எதுக்கு வரும், காத்து வாங்கவா? தானியம் கொத்துற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுவைத்தான் தேடிக் கொண்டாந்து ஊட்டும். இலையில ஓட்டை விழாத மரமும் கரண்டுக் கம்பமும் குருவிக்கு ஒண்ணுதான். ஆனா உன் படத்துல அந்த மரத்து உச்சியில நாலு கொக்கு உக்காந்திருக்கு. நாள் கூலிக்குக் கூட்டியாரப் போறீகளா?

குஜராத்துல 2023-ல இந்த மரத்தை இனி நடக்கூடாதுன்னு உத்தரவே போட்டாக. மகரந்தம் மூச்சுக்கு ஆகலை, வேரு குழாயைப் பிளக்குதுன்னு காரணம் சொன்னாக. நம்ம அரசாங்கமும் அப்புறம் அதே வழிக்கு வந்திருச்சு. உன் கம்பெனிக்கு அந்தப் பேப்பர் இன்னும் வந்து சேரலை போல.

இங்கன சேப்பு மையில புள்ளி வச்சிருக்கியே, வெட்டுறதுக்கா? அது நாட்டுக் கருவேலம்டா. மாசக்கணக்கா இடுப்பளவு தண்ணியில நின்னாலும் அழுகாது. முள்ளு இருக்கிறதாலதான் கூட்டுக்குக் காவலு. நம்ம கொள்ளுக்குடிப்பட்டிக்காரக தீபாவளிக்கு வெடி போடாம இருக்காகளே, யாருக்காக? வேட்டங்குடிக் கண்மாய் மரத்துல கூடு கட்டியிருக்கிற நாரைக்காகத்தான். வேடந்தாங்கல்காரக இன்னும் கெட்டி. பட்டாளத்துக்காரன் பறவையைச் சுடுறான்னு முறையிட்டு, 1798-லயே பிளேசுங்கிற வெள்ளைக்காரக் கலெக்டர்கிட்ட உரிமையை எழுதி வாங்கிட்டாக. பறவை மேல பாசம் உண்டுதான், இல்லைங்கலை. பக்கத்துலயே கணக்கும் உண்டு. நாரை எச்சம் விழுந்த தண்ணி வயலுக்குப் பாஞ்சா உரச் செலவு குறையும். மீனைத் தின்னுட்டு அது சும்மா போகாது, வாடகையைக் குடுத்துட்டுத்தான் போகும். இந்த வாடகைதாரரை விரட்டிட்டு வாசல்ல பூந்தொட்டி வைக்கலாம்ங்கிறே. வையி, யாரு வேணாம்னா.

உன்னைப் போல ஒரு நல்லவரு எங்க காலத்துலயும் வந்தாரு. அப்ப நான் டவுசர் போட்ட பய. விறகுக்குப் பஞ்சம். அவரு சொன்னாரு, இந்த முள்ளுக்கு மழை வேணாம், உரம் வேணாம், இலையை ஆடு கடிக்காது, வெட்டினா மறுபடியும் துளுக்கும், விறகுக்கு விறகு, வேலிக்கு வேலின்னாரு. மெக்சிகோ, கரீபியன் தீவுப் பக்கத்துச் சரக்கு அது. 1877-லயே இந்தியாவுல கால் வச்சிருச்சு, நம்ம பக்கம் விதை தூவுனது 1950, 60-கள்ல. சீமைக் கருவேலம். அவரு சொன்னதுல ஒரு பொய்கூடக் கிடையாதுடா. பொய் சொல்லி ஏமாத்துனவகளை நான் நிறையப் பாத்துட்டேன். நெசத்தை மட்டும் சொல்லி ஏமாத்துனது அந்த முள்ளு ஒண்ணுதான்.

இதை எது திங்கும்னு அன்னிக்கு ஒருத்தரும் கேக்கலை. இலையை ஆடு திங்காது. காயைத் திங்கும், இனிப்பா இருக்கும். உள்ள இருக்கிற கொட்டை கல்லு. வயித்துக்குள்ள போயித் தோலு இளகி, புழுக்கை உரத்தோட வெளிய வந்து, ஆடு போன ஊருக்கெல்லாம் முளைச்சுச்சு. ஆடு தின்னுச்சுன்னு பேரு, பாத்தது விதைக்கிற வேலை. அது பொறந்த ஊர்ல அதைக் குடைஞ்சுக்கிட்டு இருந்த வண்டு, பூச்சி, நோய் எதுவும் கூடவே கப்பல் ஏறி வரலை. கடன்காரனை எல்லாம் சொந்த ஊர்ல விட்டுட்டு வந்தவனுக்கு அசலூர்ல என்ன கவலை? உள்வாய், வரத்துக்கால், ஊருணி, சுடுகாடு எல்லாத்துக்கும் பட்டா போட்டுக்கிச்சு. 2017-ல மதுரை ஐகோர்ட்டுக் கிளையே வெட்டச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. அது இன்னும் வாய்தா வாங்கிக்கிட்டே நிக்குது.

அதுக்காக மைக்கு புடிச்சவுக சொல்றதை எல்லாம் நம்பிராதே. காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுதாம், மேகத்தை விரட்டுதாம். மேகத்தை விரட்டுற தெம்பு அதுக்குக் கிடையாது. கீழே வேற செடி முளைக்க விடாது, தண்ணி வர்ற வழியை அடைக்கும், அதுவே போதாதா, எதுக்கு மேகம்? இன்னொண்ணும் சொல்லணும். மானம் பொய்ச்ச வருசத்துல ராமநாதபுரம் பக்கம் எத்தனையோ வீட்டுல உலை கொதிச்சது கரிமூட்டத்துக் காசுலதான். உங்க அம்மா கலியாணத்துக்கு வாங்குன குத்துவிளக்குகூட அந்தக் காசுதான். திட்டுறப்ப அதையும் நெனப்புல வச்சுக்கிட்டுத்தான் திட்டுவேன்.

போன கோடையில உன் புத்தகத்துலேர்ந்து ஒரு வெள்ளைக்காரப் பயலைப் பத்தி வாசிச்சுக் காட்டுனியே, லிண்டமன்னு. அவன்தான் எனக்குப் புடிச்ச ஆளு. அமெரிக்காவுல மின்னசோட்டாப் பக்கம் ஒரு சின்னச் சேத்துக் குளம். அதை வருசக்கணக்கா நோண்டி, யாரு யாரைத் திங்கிறா, தின்னதுல எம்புட்டு உடம்புல ஒட்டுதுன்னு கணக்குப் போட்டிருக்கான். எழுதி அனுப்புனா, பெரிய வாத்தியாருக இதெல்லாம் ஊகம்னு தள்ளிப்புட்டாகளாம். அப்புறம் ஒருத்தரு மல்லுக்கு நின்னு 1942-ல அச்சுல வந்துச்சு. அது வர்றதுக்குள்ள, 27 வயசு நிறையாமலே பய போய்ச் சேந்துட்டான். குளத்தைப் பாத்தவனுக்கு எப்பவும் நம்ம நாட்டுலதான் மரியாதை இல்லைன்னு நெனச்சிருந்தேன். அங்கேயும் அப்படித்தான் போல.

அவன் கணக்கை நம்ம கண்மாய்க்குப் போட்டுப் பாரு. வெயிலைக் குடிச்சுப் பாசி வளருது. ஆயிரம் கிலோ பாசி இருந்தா அதைத் தின்ன புழுவும் நத்தையும் நூறு கிலோ தேறும். அதுகளைத் தின்ன மீனு பத்துக் கிலோ. அந்த மீனைத் தின்ன நாரை ஒரே கிலோ. மிச்சம் அம்புட்டும் மூச்சுலயும் ஓட்டத்துலயும் சூடாக் கரைஞ்சிரும். முன்னப்பின்ன இருக்கும்தான், பத்துல ஒண்ணுங்கிறது தோராயம். ஆனா மேல போகப் போகச் சுருங்குறது மட்டும் எந்தக் குளத்துலயும் மாறாது. ஊருக்கு ஆயிரம் பேரு உழைச்சாத்தான் ஒரு பிரசிடெண்டு கார்ல போக முடியும், அதை உனக்கு நான் சொல்லணுமா?

இப்ப உன் சிமெண்டுக்கு வா. உள்வாய்ச் சரிவைப் பூசிட்டா கோரையும் சம்பும் கால் ஊன்ற இடமில்லை. நத்தை ஒட்ட இடமில்லை. நண்டு வளை தோண்ட முடியாது. தவளை முட்டை தங்காது. தீவு விளக்குல ராத்திரிப் பூச்சி விழுந்து சாகும். அடியில ஆயிரத்தையும் நூறையும் உருவிட்டு, உச்சியில ஒரு நாரையை மட்டும் அந்தரத்துல நிக்கச் சொல்றே. தாசில்தாரு கையெழுத்துப் போட்டாலும் நிக்காதுடா அது. ராஜசிங்கமங்கலத்துக் கண்மாயைப் பத்திச் சொல்லுவாக, நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடைன்னு. அம்புட்டு அகலமாம், நாரையாலகூட ஒரே மூச்சுல தாண்ட முடியாதாம். நம்ம கண்மாய்க்கும் நாரை பறக்காத கண்மாய்னு பேரு வாங்கித் தந்திருவே, வேற வகையில.

வெயிலு ஒருவழிப் பாதை அப்பு. வந்துச்சு, வேலை பாத்துச்சு, சூடாப் போச்சு. ஆனா சத்து சுத்திக்கிட்டே இருக்கும். கண்மாய்க்குள்ள செத்தது அம்புட்டையும் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் ஒண்ணு தின்னு முடிச்சுக் கரம்பையா ஆக்கிரும். சித்திரையில வத்துனதும் நாங்க அந்தக் கரம்பையை வெட்டி வண்டியில ஏத்தி வயல்ல கொட்டுவோம். கண்மாய்க்கு ஆழம் ஆச்சு, வயலுக்கு உரம் ஆச்சு. குடிமராமத்துன்னு வீட்டுக்கு ஒரு ஆளு வரணும். வராதவன் வீட்டு மடையை நீர்க்கட்டி கடைசியாத்தான் தொறப்பாரு. அதுக்குப் பயந்தே காய்ச்சல்காரனும் மம்பட்டியோட வந்து நிப்பான்.

இப்ப மூட்டையில வருது உரம். பயிரு குடிச்சது போக மிச்சம் மழையோட இறங்கி, மேக்கூர்க்காரன் போட்ட யூரியா நம்ம கண்மாய்க்கும், நாம போட்டது கீழூர்க் கண்மாய்க்கும் போய்ச் சேருது. தானதர்மத்துல நம்மளை யாரும் அடிச்சுக்க முடியாது. தண்ணி பச்சைப் பெயிண்டா மாறுனதும் நீ கரையில நின்னு செல்பி எடுத்தியே, நெனப்பிருக்கா? பாசிக்கு விருந்து அது. பகல்ல பாசி மூச்சு விட்டுக் குடுக்கும், ராத்திரி அதுவே மூச்சை இழுத்துக்கும். செத்த பாசியை மக்க வைக்கிற கிருமியும் பங்குக்கு வரும். விடியக்காலையில தண்ணிக்குள்ள காத்து தீந்து, கெண்டை எல்லாம் மேல வந்து வாயைப் பொளக்கும். எவனோ விசம் வச்சுட்டான்னு நம்ம ஊரே கூடிப் பஞ்சாயத்துப் பேசுச்சே, வச்சது யாருன்னு நெனைக்கிறே? பஞ்சாயத்துல உக்காந்த அம்புட்டுப் பேரும்தான். நானும் அதுல ஒரு தீர்ப்புச் சொன்னேன்.

மீனுக்கு வருவோம். கொசுவுக்குக் கம்பூசியா விடணும்னு எழுதியிருக்கே. இது எதைத் திங்கும்? கொசுப் புழுவைத் திங்கும், மெய்தான். தலைப்பிரட்டையைத் திங்கும். நம்ம மீனு முட்டையைத் திங்கும், குஞ்சைத் திங்கும். அந்தத் தலைப்பிரட்டை தவளையானாக் கொசுவைப் புடிக்கும். தட்டான் குஞ்சு தண்ணிக்குள்ளயே கொசுப் புழுவை வேட்டையாடும். கூலி வாங்காத அந்த ஆளுகளை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிட்டு வெளியூர்க் காண்ட்ராக்டரை வைக்கிறே. கமிசன் எம்புட்டு?

அடுத்தது சிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவுல மொசாம்பிக் பக்கத்து ஆளு. 1952-ல இலங்கை வழியா நம்ம மண்டபத்துலதான் வந்து இறங்குச்சு, இந்தியாவுக்கே வாசல் நம்ம ராமநாதபுரச் சீமைதான்னு பெருமைப்பட்டுக்க. ஏழை வயித்துக்கு மலிவா மீனு கிடைக்கட்டும்னு கொண்டாந்தாக. நல்ல மனசு, அதுலயும் பொய்யில்லை. எதைத் திங்கும்னு கேக்குறதைவிட எதைத் திங்காதுன்னு கேட்டாச் சீக்கிரம் முடிஞ்சிரும். பாசி, புழு, அடுத்தவன் முட்டை, சேறு எதுவும் விலக்கில்லை. பொட்டை மீனு முட்டையை வாய்க்குள்ளயே வச்சு அடைகாக்கும். பொரிச்ச குஞ்சுகூட ஆபத்துன்னா ஓடி வந்து அம்மா வாய்க்குள்ள பூந்துக்கும். வருசத்துல பல தடவை பிரசவம். நம்ம கெண்டையும் கெளுத்தியும் ஐப்பசி மழை வரட்டும், புதுத்தண்ணி ஓடட்டும்னு நல்ல நாள் பாத்து முட்டையிடுற வைதீகக் குடும்பம். யாரு ஜெயிப்பா? இப்ப தண்ணி வத்திக் கண்மாய் அழிஞ்சு ஊரே மீன் புடிக்கிறப்பப் பாரு, பத்துக் கூடையில எட்டுக் கூடை சிலேபிதான். அயிரைக் குழம்புன்னு மதுரை ஓட்டல்ல போர்டு போட்டு விலை சொல்றானே, கேட்டியா?

ஆப்பிரிக்கக் கெளுத்தின்னு ஒரு வரி தெரியுது, மேல காப்பிக் கறையா? நல்லதாப் போச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்தி அழிச்சிரு. அரசாங்கம் தடை போட்ட மீனுடா அது. ராத்திரி லாரியில வருதுங்கிறதுக்காக நம்ம மினிட்டுப் புத்தகத்துல ஏத்தக் கூடாது.

திங்கிறது வாயி மட்டும்தான்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். மருந்தையும் இதே கேள்வி கேக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது பாறு. நீ பாத்திருக்க மாட்டே. பிணந்தின்னிக் கழுகு. நான் மாடு மேய்ச்ச காலத்துல, செத்த மாட்டை ஊருக்கு வெளிய போட்டுட்டுத் திரும்பிப் பாத்தா வானம் துடைச்சு வச்சிருக்கும். கொஞ்ச நேரத்துல எங்கிருந்தோ ஒரு புள்ளி, அப்புறம் வட்டம், அப்புறம் பந்தி. பொழுது சாயுறதுக்குள்ள எலும்பு மட்டும்தான். சம்பளம் கேக்காது, சங்கம் வைக்காது, பொங்கலுக்கு வேட்டி கேக்காது. நாம அதுக்குக் குடுத்த மரியாதை என்ன? மூஞ்சி சரியில்லை, சாவுக்குச் சகுனம்னு கல்லை விட்டு எறிஞ்சோம். திருக்கழுக்குன்றத்துல மட்டும் ரெண்டு கழுகுக்கு யோகம். காசியிலேர்ந்து தினம் வருதுகன்னு கதை சொல்லி, உச்சி வேளையில குருக்களே கையால ஊட்டுவாரு. அதுவும் 1998-க்கு அப்புறம் வரலை. காசியில வழி மறந்துபோச்சுன்னு நெனச்சியா?

1990-கள்ல மாட்டுக்கு ஒரு வலி ஊசி வந்துச்சு, டைக்ளோபினாக். நேத்து நொண்டுன மாடு இன்னிக்கு வண்டி இழுத்துச்சு. விலையும் மலிவு. நானே ரெண்டு தடவை போடச் சொல்லியிருக்கேன். மாடு செத்தா மருந்து எங்கே போகும்? மாட்டுக்குள்ளதான் கிடக்கும். பாறு வந்து தின்னுச்சு. மூத்திரக்காய் செத்து, யூரிக் அமிலம் ஈரல் மேலயும் குடல் மேலயும் சுண்ணாம்பா உறைஞ்சு, கழுத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு மரத்துலேர்ந்து விழுந்துச்சு. என்ன நோயோ, எந்த வைரசோன்னு வருசக்கணக்காத் தேடுனாக. 2004-ல லிண்ட்சே ஓக்ஸ்ங்கிறவரும் அவரு கூட்டாளிகளும் பாகிஸ்தான்ல செத்துக் கிடந்ததை அறுத்துப் பாத்துத்தான், நோய் இல்லை, ஊசின்னு கண்டுபுடிச்சாக. அதுக்குள்ள காரியம் கெட்டுப்போச்சு. 1992-க்கும் 2007-க்கும் நடுவுல இந்தியாவுல வெண்முதுகுப் பாறு ஆயிரத்துக்கு ஒண்ணுதான் மிச்சம்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, என்ஜினியரு கவனமாக் கேளு. எல்லா மாட்டுக்கும் ஊசி போடலை. செத்த மாடு நூத்துல ஒண்ணுல மருந்து இருந்தாலே அந்த இனம் அழியப் போதும். ஏன்னா ஒரு மாட்டை ஒரு பாறு திங்கிறதில்லை, ஊரே கூடித் திங்குது. முட்டையோ வருசத்துக்கு ஒண்ணே ஒண்ணு. சிலேபி கணக்குல ஈடு கட்டுற குடும்பம் இல்லை அது.

பாறு போனாப் போகட்டும், மாடு சாகாம இருக்குமா? பந்தி காலியாக் கிடந்துச்சு, நாய் வந்து உக்காந்துச்சு. நாயோட பின்னாலயே வெறிநாய்க்கடி வந்துச்சு. அழுகுனது தண்ணியிலயும் கலந்துச்சு. பொருளாதாரம் படிச்ச ரெண்டு பேரு 2024-ல கணக்குப் போட்டுச் சொன்னாக, பாறு இல்லாமப் போனதால 2000-லேர்ந்து 2005-க்குள்ள இந்தியாவுல கூடுதலாச் செத்தவுக சுமாரு 5 லட்சம் பேருன்னு. மூஞ்சி சரியில்லைன்னு கல்லு விட்டோமே, அதுக்குத்தான் இந்த பில்லு. மாட்டுக்கு அந்த ஊசியை 2006-ல தடை பண்ணுனாக. நம்மாளு சும்மா இருப்பானா? மனுசனுக்கு வச்சிருந்த பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குக் குத்துனான். 2015-ல அதையும் 3 மில்லிக்குமேல அடைக்கக் கூடாதுன்னு சுருக்குனாக. மெலாக்சிகாம்னு பாறுக்குக் கெடுதல் பண்ணாத ஊசி இருக்கு, மாட்டாசுபத்திரிக்குப் போனா அதையே கேளு. பாறு பாக்கணும்னு ஆசையா இருந்தா நீலகிரி அடிவாரம் மோயாறு பள்ளத்தாக்குப் பக்கம் போகணும். அங்க கொஞ்சம் மிச்சம் இருக்கு.

வெளியூர்ச் சரக்கு எல்லாமே ஆகாதுன்னு கிழவன் பொலம்புறான்னு போய்ச் சொல்லிராதே. மிளகாய் யாரு ஊரு? நிலக்கடலை யாரு ஊரு? 2008-ல கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தலைகாட்டுச்சு. அதுவும் அசலூர்தான். பப்பாளி, மரவள்ளி, மல்பெரின்னு ஒண்ணு விடாம வெள்ளை பூசிருச்சு. மேல மெழுகுச் சட்டை போட்டிருக்கிறதால அடிச்ச மருந்து ஒட்டலை. அப்புறம் 2010-ல போர்ட்டோ ரிக்கோவுலேர்ந்து பொடிக் குளவி ஒண்ணைக் கொண்டாந்தாக. கண்ணை இடுக்கிப் பாத்தாத்தான் தெரியும். கொண்டாந்த அன்னிக்கே தொறந்து விடலை. பெங்களூருல அடைச்சு வச்சு, வேற எதையாச்சும் தொடுதான்னு சோதிச்சாக. அது அந்த மாவுப்பூச்சி உடம்புக்குள்ளதான் முட்டையிடும், வேற தொழில் தெரியாது. விட்ட கொஞ்ச காலத்துலயே மாவுப்பூச்சி அடங்கிப்போச்சு, மருந்துக் கடைக்காரருக்குத்தான் நட்டம். என் ரெண்டு கேள்வியை யாரோ படிச்சவன் எனக்கு முந்தியே கேட்டிருக்கான் பாரு. அன்னிலேர்ந்துதான் படிப்பு மேல எனக்கு நம்பிக்கை வந்துச்சு. உன் மேல வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும்.

ராத்திரி தூக்கம் வராதப்ப அந்தக் கேள்வியை மனுசனைப் பத்தியும் கேட்டுப் பாத்தேன். இது எதைத் திங்கும்? அதை விடு, கலியாணப் பந்தியில உன்னைப் பாத்திருக்கேன். இதை எது திங்கும்? ஒண்ணும் இல்லை. கொசு கொஞ்சம் ரத்தம் குடிக்கும், அதுக்கும் மீனு விடணும்ங்கிறே. செத்தப்புறமாச்சும் மண்ணு திங்கட்டும்னா டவுன்ல கரண்டுல போட்டுச் சாம்பலாக்கிர்றாக. அந்தப் பரீட்சையில முள்ளும் சிலேபியும் வாங்குன மார்க்குதான் நாமளும் வாங்கியிருக்கோம். மண்டபத்துல இறங்குன அன்னிக்கே சிலேபிகிட்டப் போயி, உன்னால கண்மாய் கெட்டுப்போகும்டான்னு சொல்லியிருந்தா அது என்ன பண்ணியிருக்கும்? கமிட்டி போட்டு, நடைபாதை கட்டி, தீவுல விளக்கு வைக்கலாம்னு தீர்மானம் போட்டிருக்கும்.

மூஞ்சியைத் தூக்காதே. வேலையை நிறுத்தச் சொல்லலை நான். காசு வர்றப்ப வாங்கிக்கணும். வரத்துக்கால்ல சீமை முள்ளை வேரோட புடுங்குறதுக்கு அதைச் செலவு பண்ணு. வெட்டிட்டுப் போனா அடுத்த மழைக்கு ரெட்டிப்பா நிக்கும். புடுங்குன இடத்தை வெறுமனே போட்டாலும் அதேதான் முளைக்கும், ஆவாரையோ வேம்போ வை. நடைபாதை வேணும்னா கரைக்கு வெளிப்பக்கமா, மண்ணுலயே போடு, சர்க்கரை வியாதிக்காரகளுக்கு மண்ணு ஒண்ணும் பண்ணாது. உள்வாயைத் தொடாதே. நாட்டுக் கருவேலத்து மேல வச்ச புள்ளியை அழி. தீவு வேணாம், விளக்கு வேணாம். கம்பெனிக்காரக பேரு போட்டுப் போர்டு வைக்கணும்பாகளே, அதை மட்டும் தாராளமா வை. கலுங்குப் பக்கத்துல, நல்லாப் பெரிசா, ரெண்டு மொழியில. போர்டு எதையும் திங்காது, போர்டையும் எதுவும் திங்காது. மிஞ்சிப் போனா ஒரு காக்கா உக்காரும்.

அப்புறம் ஒரு விசயம். கண்மாயில கரம்பை அள்ள தாலுகா ஆபீசுல அனுமதி குடுக்குறாகளாமே, கம்ப்யூட்டர்லதான் எழுதிப் போடணுமாம். நம்ம மேலக்காட்டுக்கு ஒரு எட்டு டிராக்டர் வேணும். பட்டா நகலு அம்மாச்சியோட தகரப் பெட்டியில, சேலைக்கு அடியில கிடக்கு, ஆதாரும் அதுலதான். உன் மாமனும் கேக்கப் போறதாப் பேச்சு. அவன் எந்திரிச்சு வர்றதுக்கு முந்தி அந்தச் செல்லை எடுத்து என் பேரை எழுது.